பொக்கற்றில் கிடந்த கோது

கனடாவில் இருந்து வந்து எட்டு மாதமாகிறது. கலியாணவீடு எப்படி என்று கேட்பவர்களுக்குச் சொல்லக் கதை இருக்கிறது, நயாகரா எப்படி என்று கேட்பவர்களுக்குக் காட்டப் படம் இருக்கிறது. யாரும் கேட்காத ஒரு விசயம்தான் இரவில் வந்து தலைமாட்டில் குந்திக்கொள்கிறது. நான் அங்கே துவக்கால் வெடி வைத்தேன். ஒன்றல்ல, ஒன்பது. அதுகூடப் பரவாயில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் பிறந்த ஒருவன் இதை எழுதுவதில் என்ன வெட்கம் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 1985இல் எனக்கு வயது 12. 2007இல் 34. இடையில் கிடந்த அவ்வளவு காலமும், வெடிச்சத்தம் கேட்டால் முதலில் தரையில் விழுவது, பிறகு எண்ணுவது, பிறகு எந்தப் பக்கம் என்று காதைக் கொடுப்பது. இது ஏகே, இது எஸ்.எல்.ஆர்., இது ஐம்பது கலிபர் என்று, ஏழாம் வாய்ப்பாடு தெரியாத பிள்ளையும் எங்கள் ஊரில் சரியாகச் சொல்லும். கையில் ஒரு வெற்றுத் தோட்டாக் கோதோடு சோதனைச் சாவடியில் அகப்பட்ட பெடியனுக்கு என்ன நடக்கும் என்பதும் தெரியும். அதனால் அம்மா ஒவ்வொரு நாளும் என் கட்டைக் காற்சட்டைப் பொக்கற்றுக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வெளியே விடுவா. அப்படி வளர்ந்தவன் வயது ஐம்பது கடந்த பிறகு ஒரு துவக்கைத் தோளில் வைத்து, சந்தோசப்பட்டு, இன்னும் ஒன்று வைக்கவா என்று கேட்டிருக்கிறேன். எனக்குள் ஏதோ பிழைத்துவிட்டதோ என்ற யோசனை போகவில்லை. அதை எழுதிப் பார்க்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

மச்சானின் வின்செஸ்டர்

மச்சான் என்றால் என் தாய்மாமனின் மகன். இரண்டு பேருக்கும் ஒரே வயது, ஒரே பெத்தப்பா. எனக்கு அம்மாவின் அப்பா, அவனுக்கு அப்பாவின் அப்பா. 1990 கடைசியில் ஊரை விட்டுப் போனவன் எங்கெங்கோ சுற்றிக் கடைசியில் ரொறன்ரோவில் குடியேறினான். அவனுடைய மகளின் கலியாணத்துக்குத்தான் நான் போனது. கலியாணம் முடிந்து மூன்றாம் நாள், மிஞ்சிய பலகாரத்தை யார் யாருக்குக் கட்டிக் கொடுப்பது என்று பெண்கள் வாதாடிக்கொண்டிருந்த நேரம், “மச்சான், கீழ வா, ஒரு சாமான் காட்டுறன்” என்று நிலக்கீழ் அறைக்குக் கூட்டிப்போனான். அங்கே ஒரு இரும்பு அலுமாரி. அதைத் திறந்தால் உள்ளே நீட்டாக ஒன்று நிற்கிறது, அதன் விசைக்கும் தனியாக ஒரு பூட்டுப் போட்டிருக்கிறது. தோட்டாக்கள் வேறொரு பெட்டியில், வேறொரு திறப்போடு.

வின்செஸ்டர் 94. அந்தத் துவக்கை நேரில் பார்த்திராவிட்டாலும் எல்லோருக்கும் தெரியும். குதிரைக்காரப் படங்களில் கதாநாயகன் ஒரு கையால் கீழே இழுத்து மேலே தள்ளிச் சுடுகிறானே, அந்த இனம். இருபது அங்குலக் குழல், அதற்கு அடியில் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும் இன்னொரு குழாய். விசையைச் சுற்றி ஒரு இரும்பு வளையம், அதுதான் லீவர். ஜோன் பிரவுனிங் என்ற அமெரிக்கர் வடிவமைத்து 1894இல் வந்தது. எழுபது லட்சத்துக்கு மேல் செய்திருக்கிறார்கள். மச்சானுடையது 1970களில் செய்தது, 2014இல் பழைய துவக்கு விற்கும் கடையில் வாங்கியது. நல்ல கைபேசி ஒன்றின் விலைகூட இல்லை என்றான்.

தோட்டா ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தான். முப்பது-முப்பது என்று சொல்கிறார்கள். பித்தளைக் கோது, நுனியில் ஈயம். அந்த நுனி கூராக இல்லை, யாரோ கல்லில் தேய்த்ததுபோலத் தட்டையாக இருந்தது. ஏன் என்று கேட்டேன். குழாய்க்குள் ஒன்றின் மூக்கு முன்னால் கிடக்கிறதன் அடியை முட்டிக்கொண்டு கிடக்கும், அந்த அடியில்தான் நெருப்புப் பிடிக்கும் பொட்டு இருக்கிறது, மூக்குக் கூராக இருந்தால் சுடும்போது வரும் உதைப்பில் குழாய்க்குள்ளேயே வெடித்துவிடும் என்றான். பிறகு ரப்பர்போன்ற மெத்தென்ற நுனி வைத்துக் கூரான தோட்டாவும் வந்திருக்கிறதாம், ஆனால் இவன் பழைய தட்டையையே வாங்குகிறான். சாமானின் வடிவத்துக்குப் பின்னால் ஒரு காரணம் இருந்தால் எனக்கு அதில் ஒரு பிடிப்பு வந்துவிடும். வாத்தியார் புத்தி.

“இதுக்குப் பதிவு எப்படி?” என்றேன். பாடநெறி, சோதனை, பிறகு பொலிஸ் விசாரணை, அதன்பிறகு அனுமதி அட்டை என்று சொன்னான். அட்டை அவனுடைய பேர்சுக்குள், சாரதி அனுமதிப் பத்திரத்துக்குப் பக்கத்தில் கிடக்கிறது. ஆனால் இந்தத் துவக்கு, இந்த இலக்கம், இந்த ஆளிடம் இருக்கிறது என்ற பதிவு இல்லை. நீளத் துவக்குகளின் பதிவேட்டை அந்த அரசாங்கம் 2012இலேயே கைவிட்டுவிட்டதாம். “அப்ப உன்னட்டத் துவக்கு இருக்கிறது அவங்களுக்குத் தெரியாதா?” என்று நான் கேட்ட குரல் எனக்கே குசுகுசுப்பாகக் கேட்டது. நிலக்கீழ் அறையில், மேலே பலகாரச் சண்டை நடக்கும்போது, நான் கதவைத் திரும்பிப் பார்த்தேன். மச்சான் சிரித்தான். “வச்சிருக்கலாம் எண்டு தெரியும். எத வச்சிருக்கிறன் எண்டு தெரியாது. அவ்வளவுதான்.”

அவ்வளவுதானாம்.

“எதுக்கு மச்சான்? மான் சுடுறியா?”

“இல்ல.”

“மறுகா?”

“சும்மா. விலை குறைவு, வாங்கினன்.”

அவன் சொன்ன காரணம் அவ்வளவுதான். பிறகு பலமுறை கேட்டும் அதற்கு மேல் வரவில்லை.

யானைப் படம் போட்டது

எங்கள் பெத்தப்பா போடியார், அதாவது பெரிய காணிக்காரர், இல்லை. வெல்லாவெளிக்கு மேற்கே ஒரு வட்டையில் ஆறு ஏக்கர் வேளாண்மை, பத்துப் பன்னிரண்டு மாடு, ஒரு வாடி, ஒரு துவக்கு. துவக்கு ஒற்றைக்குழல், பன்னிரண்டு போர் (குழலின் அளவு), பேர்மிங்காமில் செய்த கிரீனர். கல்லோயா அணை கட்டிய காலத்தில் அம்பாறைப் பக்கம் வேலைக்கு நின்ற ஒருவரிடம் வாங்கினது என்பது வீட்டுக் கதை. இரும்பில் சின்னதாக ஒரு யானைப் படம் குத்தியிருக்கும். அது அந்தக் கம்பனியின் முத்திரை. சிறுபிள்ளையில் நானும் மச்சானும் அதை யானை சுடும் துவக்கு என்று நம்பினோம். பெத்தப்பா ஒருநாளும் யானைக்கு அதை எடுத்ததில்லை. யானை வந்தால் தகரம் தட்டுவார், தீப்பந்தம் பிடிப்பார், “போ ராசா, போ” என்று கெஞ்சுவார். துவக்கு பன்றிக்கு.

அந்தக் கிரீனரைப் பற்றி ஒரு விசயம் சொல்ல வேண்டும். ஊரில் மற்றவர்களிடம் இருந்த துவக்குகள் நடுவில் மடியும். மடித்துத் தோட்டாவைப் போட்டு நிமிர்த்த வேண்டும். இது மடியாது. விசைக்குப் பின்னால், பிடியின் கீழ், ஒட்டிக் கிடக்கும் ஒரு இரும்புக் கை. அதைக் கீழே தள்ளினால் உள்ளே உள்ள இரும்புக் கட்டி முன்பக்கம் தாழும், பழைய கோது வெளியே வரும். பெருவிரலால் புதிய தோட்டாவைத் தள்ளி, கையை மேலே இழுத்தால் ‘டக்’ என்று மூடும். வெள்ளைக்காரப் பட்டாளம் 1871இல் எடுத்த மார்ட்டினி-ஹென்றி றைபிளின் பொறிமுறை அதுதான் என்று பிற்காலத்தில் படித்தேன். (அந்த ஹென்றி ஒரு ஸ்கொட்லாந்துக்காரர். அமெரிக்காவில் 1860இல் லீவர் துவக்கு செய்த ஹென்றி வேறு ஆள். இரண்டையும் குழப்பிக்கொண்டு நான் ஒரு இரவு முழுக்க வீணாக்கியிருக்கிறேன்.) ஆகவே படுவான்கரையில், ஓலை வாடிக்குள், நாங்கள் பார்த்து வளர்ந்ததும் ஒரு லீவர்த் துவக்குத்தான். ஒரு வித்தியாசம், அதற்குள் ஒரு நேரத்தில் ஒரு தோட்டாதான் போகும்.

ஒன்றே ஒன்று போதும் என்பதற்குத் தத்துவம் ஒன்றும் இல்லை. தோட்டா கிடைப்பது கடினம், அதுதான் காரணம். சிவப்புக் கடதாசிக் கோதுத் தோட்டாக்கள், மாரியில் ஈரம் குடித்து வீங்கினால் குழலுக்குள் போகாது. பெத்தப்பா அவற்றை விசுக்கோத்துத் தகரத்துக்குள் போட்டு, தகரத்தை நெல்லுக்குள் புதைத்து வைத்திருப்பார். பன்றி வந்த இரவில் முதலில் தகரம் தட்டுவார், பிறகு கூக்குரல், பிறகு டோர்ச், அதற்கும் அசையாவிட்டால்தான் துவக்கு. எத்தனையோ இரவு வெடியே வைக்காமல் திரும்பி வந்து, தோட்டாவை எடுத்துத் துடைத்துத் தகரத்துக்குள் போட்டிருக்கிறார். நாங்கள் நல்ல பிள்ளையாக இருந்தால், சில பின்னேரங்களில், வாடித் திண்ணையில் இருத்தி, “ஒருக்கா இழு” என்று அந்த இரும்புக் கையைத் தருவார். குழல் எப்போதும் வயல் பக்கம். உள்ளே ஒன்றும் இல்லை என்று அவர் பார்த்திருப்பார், எங்களையும் பார்க்கச் சொல்வார், அப்படியும் குழலுக்கு முன்னால் ஒரு கோழி போனால்கூட நிறுத்தச் சொல்வார். “வெறுந்துவக்கு எண்டு ஒண்டு இல்ல மனே.” எட்டு வயதில் இரண்டு கையாலும் பிடித்துத்தான் அதை இழுக்க முடியும். அந்த ‘டக்’ விரலில் இருந்து முழங்கை வரை ஏறும்.

வருசக் கடைசியில் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். 1916ஆம் ஆண்டுத் துவக்குச் சட்டம், இன்றைக்கும் அதுதான் அடிப்படை. மார்கழியில் ஒருநாள் பெத்தப்பா வெள்ளை வேட்டி உடுத்து, மண்முனைத் துறையில் ஓடம் ஏறி, மட்டக்களப்புக் கோட்டைக்குள் இருந்த கச்சேரிக்கு, அதுதான் அரசாங்க அதிபரின் காரியாலயத்துக்கு, போவார். பாலம் வந்தது 2014இல். அப்போது ஆறு கடப்பதென்றால் ஒரு பயணம். ஒல்லாந்தன் இருந்த கோட்டைக்குள் வரிசையில் நின்று, கையெழுத்து வாங்கி, புளியந்தீவில் எங்களுக்கு மஸ்கற் இனிப்பு வாங்கிக்கொண்டு வருவார். எங்கள் பக்கத்தில் வீடும் காணியும் பெண்பிள்ளைகளுக்குப் போகும் என்பது தெரிந்ததுதானே. மாமாவுக்குக் கிடைக்கக்கூடியது அந்தத் துவக்கு ஒன்றுதான், அதுகூட நேரே கிடைக்காது. அனுமதி ஆளோடு முடிந்துவிடும், வாரிசு புதிதாக எழுதிக் கேட்க வேண்டும். “துவக்கு என்ட, வெடி கச்சேரிட” என்று பெத்தப்பா சொல்வாராம். அம்மா சொன்னது.

1985இல் அதைக் கொண்டுவந்து ஒப்படைக்கச் சொன்னார்கள். எந்தக் காரியாலயம் என்று எழுதப் போவதில்லை. அந்தக் கட்டடமும் இப்போது இல்லை. ஒரு பக்கம் இவர்கள் கொண்டுவா என்கிறார்கள், மறுபக்கம் இரவில் வேறு ஆட்கள் வந்து கேட்கிறார்கள் என்ற காலம். பெத்தப்பா துவக்கைத் தையல் மெசின் எண்ணெய் போட்டுத் துடைத்து, சாக்கில் சுற்றி, மிச்சம் இருந்த ஏழு தோட்டாவோடு கொண்டுபோய்க் கொடுத்தார். ஒரு துண்டுக் கடதாசி கொடுத்தார்கள். துவக்கின் இலக்கம், தோட்டா 7, ஒரு கையெழுத்து. அந்தத் துண்டு தோட்டா இருந்த அதே தகரத்துக்குள் போனது. பெத்தப்பா 1998இல் காலமானார். துண்டு இன்னும் இருக்கிறது. மடிப்பில் இரண்டாகக் கிழிந்துவிட்டது.

ஒன்பது வெடி

கார்த்திகைத் தொடக்கம். மச்சானோடு வேலை செய்யும் ஒருவரின் பண்ணை, பீற்றர்பரோவுக்கு வடக்கே. சோளம் வெட்டி முடிந்த நிலம். குளிர் என்றால் காது தனியாகக் கழன்று விழும்போல. ஐம்பது யார் தூரத்தில் ஒரு மண்மேட்டுக்கு முன்னால் கடதாசித் தட்டு ஒன்றைக் குத்தி வைத்தான், கலியாணவீட்டில் மிஞ்சிய தட்டு. அனுமதி உள்ளவன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டால் இல்லாதவனும் சுடலாம் என்பது அங்குள்ள சட்டம். எனக்குக் காதுமூடி ஒன்றைப் போட்டுவிட்டான். உலகம் நின்றுபோனது மாதிரி இருந்தது.

தோட்டா ஏற்றுவது பக்கவாட்டில் உள்ள ஒரு சின்ன இரும்புக் கதவால். பெருவிரலால் ஒவ்வொன்றாகத் தள்ள வேண்டும். அந்தக் கதவு திரும்பும்போது விரல் நுனியைக் கடிக்கும். மூன்று போட்டேன். “இப்ப லீவர” என்றான், வாயசைவில் விளங்கியது. கீழே தள்ளினேன்.

என்னால் சரியாக எழுத முடியாத இடம் இதுதான். கை அதை அறிந்திருந்தது. நான் யோசிக்க முன்னம், குழலை வெளிப்பக்கம் பிடித்து, முழங்கையை உடம்போடு ஒட்டி, பாதியில் நிறுத்தாமல் ஒரே இழுவையில் கீழே தள்ளி, ஒரே இழுவையில் மேலே கொண்டுவந்தேன். பெத்தப்பா அடிக்கடி சொல்வது அதுதான், “அரைவாசியில நிக்காத”. காதுமூடி போட்டிருந்ததால் சத்தம் கேட்கவில்லை. ‘டக்’ என்பது விரலில் இருந்து முழங்கை வரை ஏறியது. நாற்பது வருசத்துக்கு மேலாக நான் நினைக்காத வாடித் திண்ணை, சாணி மெழுகின வாசம், பெத்தப்பாவின் சுருட்டு, எல்லாம் அந்த முழங்கைக்குள் எங்கேயோ இருந்திருக்கிறது. மச்சான் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். அவனும் ஏதோ கண்டுகொண்டான் என்றுதான் நினைக்கிறேன். சொல்லவில்லை.

வெடி வைத்தேன். உதை பெரிதில்லை. லீவரைத் தள்ள, கோது மேலே எழும்பித் தோளில் விழுந்தது. பழைய மொடல் மேல்பக்கமாகத்தான் துப்பும். சூடான பித்தளை குளிர்ச்சட்டையில் பட்டு உருண்டது. திரும்ப, திரும்ப. ஒன்பது. தட்டில் நாலு பட்டிருந்தது. இன்னும் ஒன்று வைக்கவா என்று நான் கேட்டது இந்த இடத்தில்தான். போதும் என்று மச்சான் கைகாட்டினான். காதுமூடியைக் கழற்றினேன்.

மான் வேட்டைக் காலம் என்று அவன் காரில் வரும்போதே சொல்லியிருந்தான். எங்கேயோ, இரண்டு மூன்று வயல் தள்ளி, காட்டு ஓரத்தில் யாரோ ஒரு வெடி வைத்தார்கள். ஒன்றே ஒன்று.

எனக்குத் தெரியும்போது நான் வெட்டிய சோளத்தாள்களுக்கு நடுவில் குப்புறக் கிடக்கிறேன். கன்னத்தில் ஈரமண். கண்ணைத் திறந்தால், ஆறடி தள்ளி, ஊரை விட்டு முப்பத்துநாலு வருசமான மச்சான், அலுமாரியில் துவக்கு வைத்திருக்கும் மச்சான், என்னைப்போலவே குப்புறக் கிடக்கிறான். வின்செஸ்டரை மட்டும் நெஞ்சுக்குள் விடாமல் பக்கத்தில், குழல் வெளிப்பக்கமாக, கவனமாக வைத்திருக்கிறான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அவன்தான் முதலில் சிரிக்கத் தொடங்கினான். எழும்ப ஏலாத சிரிப்பு. பண்ணைக்காரர் தூரத்தில் இருந்து பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பாரோ.

பட்டாளம் எடுக்காத துவக்கு

அன்றிரவு நித்திரை வரவில்லை. மச்சானின் கணினியில் இருந்து லீவர்த் துவக்கைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒரு நியாயம் வேண்டியிருந்தது. முதலில் கிடைத்தது நல்ல நியாயம்தான். பட்டாளங்கள் பெரும்பாலும் வின்செஸ்டர் வகையை எடுக்கவில்லை. ஒரு காரணம், நிலத்தோடு படுத்துக்கொண்டு சுடுவது கஷ்டம். லீவரைக் கீழே தள்ள இடம் வேண்டும், முழங்கை மண்ணில் இடிக்கும். படுக்கிறவனின் துவக்கு இது இல்லை, நிற்கிறவனின் துவக்கு. வேட்டைக்காரன், மாட்டுக்காரன், வயல்காரன். அப்படியானால் நான் ரசித்தது பெத்தப்பாவின் உலகத்துச் சாமானைத்தான், எங்களைப் படுக்க வைத்த சாமானை இல்லை என்று மனசைத் தேற்றிக்கொண்டு படுக்கப் போயிருக்கலாம். நான் இன்னும் வாசித்தேன். அதுதான் பிழை.

1877இல் பிளெவ்னாவில் துருக்கிப் பட்டாளம் வின்செஸ்டரை வைத்து ரஷ்யரை அள்ளிக் கொட்டியிருக்கிறது. அதே ரஷ்யா முதலாம் உலகப் போரில் வின்செஸ்டர் 1895ஐ லட்சக்கணக்கில் வாங்கியிருக்கிறது. எல்லாவற்றையும்விட, ‘மேற்கை வென்ற துவக்கு’ என்றே 1873 மொடலுக்குப் பெயர் வைத்து விற்றிருக்கிறார்கள். மேற்கு என்றால் வெறுங்காணியா? அங்கே ஆட்கள் இருந்தார்கள். காணி பறிபோன பக்கத்தில் நின்று பழகியவனுக்கு அந்த விளம்பரத்தை வாசிக்க வயிறு எரிகிறது. ஆனால் துவக்குக்கு எசமான் பேதம் தெரியாது. 1876இல் லிட்டில் பிக்ஹோர்ன் ஆற்றங்கரையில் கஸ்டரின் படையினர் ஒற்றை வெடித் துவக்கோடு நிற்க, லக்கோட்டா, செயேன் ஆட்களில் பலரின் கையில் இருந்தவை ஹென்றியும் வின்செஸ்டரும். இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. 1983இல் அந்தப் புல்வெளி தீப்பிடித்து எரிந்திருக்கிறது. எரிந்த நிலத்தில் தொல்லியல்காரர்கள் வரிசையாக நடந்து கோது பொறுக்கி, ஒவ்வொரு கோதின் அடியிலும் சுத்தியல் குத்திய தழும்பைப் பார்த்து, எந்தத் துவக்கு எங்கே நின்றது, எங்கே நகர்ந்தது என்று வரைபடம் போட்டிருக்கிறார்கள். நூறு வருசத்துக்குப் பிறகு. எங்கள் வயலில் உழும்போது வருகிற கோதுகளை நாங்கள் குளத்துக்குள் எறிந்துகொண்டிருக்கிறோம்.

அம்மா அழைத்தது அந்த நேரத்தில்தான். இங்கே ஊரில் காலை. முகத்தைப் பார்த்தவுடன் என்ன நடந்தது என்று கேட்டா, சொன்னேன். ஒன்பது என்றதைச் சொல்லவில்லை. சில நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு அம்மா கேட்ட ஒரே கேள்வி, “பொக்கற்றப் பாத்தியா?”

குளிர்ச்சட்டைப் பொக்கற்றுக்குள் கையை விட்டேன். ஒரு கோது கிடந்தது. சோளத் தாளுக்குள் விழுந்து எழும்பியபோது கையில் அகப்பட்டிருக்க வேண்டும். சத்தியமாக எனக்கு எடுத்த ஞாபகமே இல்லை. எடுத்ததும் ஒளித்ததும் எல்லாம் கையே பார்த்த வேலை. அதைக் கொண்டுபோய் மச்சானின் நிலக்கீழ் அறை யன்னல் விளிம்பில் வைத்தேன். விமான நிலையத்தில் மூன்று தரம் எல்லாப் பொக்கற்றையும் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனேன்.

இந்தச் சிறுபோகம்

வந்த பிறகு ஒரு விசயம் நடந்தது, இதோடு சம்பந்தம் உண்டா இல்லையா என்று தெரியவில்லை. பெத்தப்பாவின் ஆறு ஏக்கரில் அம்மாவின் பங்கை நான்தான் செய்கிறேன். இந்தச் சிறுபோகத்தில் குடலைப் பருவத்தில் பன்றி இறங்கி, வாய்க்கால் ஓரத்து மூலையை மெத்தை விரித்ததுபோல ஆக்கிவிட்டது. பக்கத்து வயல்காரர், “சேர், நீங்க படிச்ச ஆள், ஒரு துவக்குக்கு எழுதிப் போடுங்களன்” என்கிறார். அவர் பாவம், அவரிடம் உள்ளது தகரமும் தொண்டையும்தான். எல்லோரும் அவரைப்போல இல்லை. சிலர் கட்டுத்துவக்கு வைக்கிறார்கள். கயிற்றில் கால் இடறினால் வெடிக்கும், பன்றியா பள்ளிப் பிள்ளையா என்று அதற்குத் தெரியாது. சிலர் கம்பியில் கரண்ட் கொடுக்கிறார்கள். பூசணித் துண்டுக்குள் வாய்வெடி வைக்கிறார்கள், கடிப்பது யானைக்கன்றாக இருந்தால் தாடை பிளந்து கிழமைக்கணக்கில் பட்டினி கிடந்து சாகிறது. இவற்றைப் பார்த்தால், கண்ணால் பார்த்து, ஆள் நின்று, ஒரு தோட்டாவோடு யோசித்துச் சுடுகிற பெத்தப்பாவின் முறை எவ்வளவோ மேல் என்று எனக்குப் படுகிறது. சொல்லிவிட்டு உடனே என் நாக்கையே சந்தேகப்படுகிறேன். இது வயல்காரனின் நியாயமா, பீற்றர்பரோவில் ருசி கண்ட கையின் நியாயமா?

விண்ணப்பத்துக்கு என்னென்ன வேண்டும் என்று விசாரித்து வைத்திருக்கிறேன். காணி உறுதி, கிராம சேவகரின் சிபாரிசு, பொலிஸ் அறிக்கை. அம்மாவிடம் இன்னும் கேட்கவில்லை. படிவம் விசுக்கோத்துத் தகரத்துக்குள், கிழிந்த துண்டுக்கு மேல் கிடக்கிறது. மச்சானிடம் சொன்னேன். “கிரீனர் கிடைச்சா வாங்கு” என்றான், உடனே. யோசிக்காமல். பிறகு கதையை மாற்றிவிட்டான்.

போன கிழமை தங்கச்சியின் மகள் கொழும்புக்குப் படிக்கப் போக, அலுமாரிக்கு மேல் இருந்த என் பெட்டியை அம்மா இறக்கித் துடைத்தா. பக்கத்துச் சிப்பைத் திறந்து, பழைய பழக்கம், உள்ளே கையை விட்டிருக்கிறா. கலியாணவீட்டுக் கடதாசித் தட்டு நாலாக மடிந்து வெளியே வந்தது. நான் ஒளித்து வைத்ததை நானே மறந்திருந்தேன். அம்மா அதை விரித்து, யன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்து, ஓட்டைகளுக்குள்ளால் முற்றத்தைப் பார்த்தா.

“எத்தின வெடி வச்சாய்?”

இனி மறைக்க ஒன்றும் இல்லை. “ஒன்பது.”

ஓட்டைகளை விரலால் தொட்டு எண்ணினா. நாலு. அதில் ஒன்று விளிம்பில்.

“மிச்சம் அஞ்சும் எங்க போன?” என்று கேட்டுவிட்டு, தட்டை மடித்த மடிப்பிலேயே திரும்ப மடித்து, என் கையில் தராமல், குசினிப் பக்கம் கொண்டு போனா. அடுப்பு மூட்டவா, எடுத்து வைக்கவா என்று நான் போய்ப் பார்க்கவில்லை.